கெங்கம்மாவுக்குப் பிள்ளை இல்லை

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஐந்து மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் கிடையாது, ஜன்னல் கிடையாது. தூணும் தளமும் மட்டும். படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. லிஃப்ட் வரப்போகிற இடத்தில் தரையிலிருந்து உச்சிவரை நேராக ஒரு ஓட்டை. அந்தக் கட்டடத்தில்தான் கெங்கம்மா குடியிருந்தாள். குடியிருந்தாள் என்றால் என்ன? புருஷன் மாசிலாமணி வாட்ச்மேன், அவள் சித்தாள். கீழே கார் நிறுத்தப்போகிற மூலையில் நாலு தகரம், ஒரு தார்ப்பாய், ஒரு அடுப்பு, நாலரை வயது மகள் யோகஸ்ரீ. இதற்குப் பெயர் குடித்தனம்.

கெங்கம்மாவுக்கு உயரம் என்றால் பயம். தண்டராம்பட்டுப் பக்கத்துக்காரி. சமதரையில் பிறந்து, சமதரையில் நாற்று நட்டு, சமதரையிலேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டவள். ஊரில் இரண்டு வருடம் கிணறு வறண்டு கிடந்தது. மூன்றாம் வருடம் தென்பெண்ணை கரையை உடைத்துக்கொண்டு வந்து, நட்டு ஒரு மாதமான நெல்லின்மேல் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போனது. தண்ணீர் இல்லாமல் ஒரு அடி, தண்ணீரால் ஒரு அடி. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? மணலில் நெல் விளையாது, வீடுதான் கட்டலாம். அதனால்தான் வீடு கட்டுகிற ஊருக்கு வந்துவிட்டோம் என்று மாசிலாமணி சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் அப்படிச் சிரிப்பது கெங்கம்மாவுக்குப் பிடிக்காது.

காலையிலும் சாயங்காலமும் மாடி மாடியாக ஏறி, புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அவள் வேலை. தளத்தின்மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பிரித்து, தண்ணீரை நிறுத்தவேண்டும். முதல் நாள் அவள் கட்டிய வரப்பைப் பார்த்துவிட்டு மேஸ்திரி இனாயத், "இன்னாம்மா இது, நெல்லு நடப் போறியா?" என்று கேட்டார். அவ்வளவு நேர். ஆனால் விளிம்போரத்துப் பாத்தியை மட்டும் அவள் நின்று கட்டமாட்டாள். உட்கார்ந்து, தளத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்துதான் கட்டுவாள். மற்றச் சித்தாள்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விழப்போவது அவர்களா?

தன் உயிருக்காக அவள் பட்ட பயம் கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் யோகஸ்ரீக்காக. அந்தப் பெண்ணுக்குப் பயம் என்பதே கிடையாது, யாருக்குப் பிறந்ததோ! ஒரு நாள் மூன்றாவது மாடியில், கெங்கம்மா வாளியைத் தூக்கத் திரும்பிய நேரத்தில், விளிம்பில் போய் நின்றுகொண்டு கீழே போகிற ஐஸ் வண்டிக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. பாதி பாதம் வெளியே. கெங்கம்மாவால் கூப்பிட முடியவில்லை. கூப்பிட்டால் திரும்பும், திரும்பினால் போச்சு. மண்டியிட்டு, கையை ஊன்றி, மூச்சைக்கூட விடாமல் தவழ்ந்து போய்ப் பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த பிறகு அடி என்றால் அப்படி ஓர் அடி. பிள்ளையும் அழுதது, தாயும் அழுதாள்.

மறுநாளிலிருந்து பிள்ளையின் காலில் பழைய புடவையை முடிந்து, மறு நுனியைத் தூணில் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவாள். இது அவள் கண்டுபிடித்ததல்ல. கட்டட வேலைக்குப் பிள்ளையோடு வருகிற பெண்கள் பலரும் செய்வதுதான். புடவை எவ்வளவு நீளம் விடலாம் என்று அவளே படுத்துப் பார்த்து, விளிம்புக்கு நாலு முழம் முன்னாலேயே பிள்ளை நின்றுவிடுகிற மாதிரி முடிச்சுப் போட்டாள்.

எதிர்க் கட்டடத்து நாலாவது மாடியில் ஓர் அம்மா இருந்தாள். துணி உலர்த்த வந்தவள், தூணில் கட்டிக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்தாள். பதறிப்போய்ப் போனில் படம் எடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவளுக்குக் காலில் இருக்கிற கட்டுதான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து எஞ்சினீயர் நிரஞ்சன் வந்தான். சின்னப் பையன், கெட்டவன் இல்லை. தன் வேலை போய்விடுமே என்று அவனுக்கும் பயம். "படம் எங்கெங்கயோ போயிடுச்சு. யாரோ 1098-க்கு, அதான் குழந்தைங்க ஹெல்ப்லைனுக்கு, போன் பண்ணிட்டாங்களாம். ஆள் வந்தா இங்க குழந்தையே இல்லைன்னு சொல்லிடுங்க. இருக்குன்னு தெரிஞ்சா குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உங்களையும் நான் இங்க வெச்சுக்க முடியாது" என்றான்.

வேலை போனால் போகட்டும், வேறு கட்டடமா இல்லை இந்த ஊரில்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற வார்த்தைதான் கெங்கம்மாவின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அடையாறு சைட்டில் வடக்கத்திச் சித்தாள் ஒருத்தியின் பிள்ளையை இப்படித்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பாஷை தெரியாமல் அவள் இரண்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாளாம். கடைசியில் பைத்தியம் பிடித்துவிட்டதாம். சொன்ன ஐந்து பேரில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. அதனால் என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து தெருவில் வெள்ளை வண்டி எது வந்தாலும் அவள் வேலையைப் போட்டுவிட்டுப் பிள்ளையிடம் ஓடினாள். பால் வண்டியைப் பார்த்துக்கூட ஒரு தடவை பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா ஒளிச்சி வெச்சா சத்தமே காட்டக் கூடாது. இந்தா, இப்பிடி வாய மூடிக்கணும். அம்மா வந்து கூப்புட்டாத்தான் தொறக்கணும். இன்னா?" யோகஸ்ரீக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று அவர்கள் வந்தார்கள்.

அன்று கட்டடத்தில் வேலை இல்லை. மேஸ்திரி, ஆட்கள் யாரும் வரவில்லை. சாமி பார்க்கப் போகவேண்டும் என்று காலையிலிருந்தே யோகஸ்ரீ நச்சரித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் போகலாம் என்று சொல்லி, கெங்கம்மா அதற்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னி முடிக்கவில்லை, வாசலிலிருந்து மாசிலாமணி ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"வந்துட்டாங்கடி. வெள்ள வண்டி. போலீசுக்காரம்மா ஒண்ணும் கீது."

எங்கே ஒளிப்பது? மேலே கொண்டுபோனால் விளிம்பு. லிஃப்ட் குழியை நினைக்கவே வேண்டாம். தகரக் கொட்டகையில் ஓர் எலிக்குக்கூட ஒளிய இடம் இல்லை. கெங்கம்மாவின் கண் பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் போய் நின்றது. பூமிக்கு அடியில் ஆள் உயரத்துக்குக் கட்டின சம்ப் அது. பாசி பிடித்துவிட்டதென்று முந்தின நாள்தான் காலி செய்து, தேய்த்துக் கழுவி விட்டிருந்தார்கள். காய்ந்து கிடந்தது. இறங்க இரும்புப் படி உண்டு, மேலே மூட இரும்பு மூடி உண்டு. அந்தக் கட்டடத்திலேயே விழுவதற்கு விளிம்பு இல்லாத இடம் அது ஒன்றுதான்.

ஊரிலும் இதைத்தான் செய்தார்கள். தவணை நின்றுபோய், மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வந்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் அதைக் கயிறு கட்டி வறண்ட கிணற்றுக்குள் இறக்கி, மேலே பனையோலையைப் போட்டு மூடினார்கள். வந்தவர்கள் வைக்கோல் போரைக்கூடக் குத்திப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. வறண்ட கிணறு மாதிரி பத்திரமான இடம் அவளுக்குத் தெரிந்து வேறு இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பிளாஸ்டிக் கலவைச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரவைத்தாள். "வாய மூடிக்கோ கண்ணு. அம்மா வந்து கூப்புடறேன்." யோகஸ்ரீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டியது. கெங்கம்மா மேலே ஏறி மூடியைச் சாத்தினாள், காற்றுக்கு நாலு விரல் இடம் விட்டு.

வந்தவர்களில் பெரிய அதிகாரி ஏஞ்சல் என்பவள். நாற்பது வயது இருக்கும். சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, படித்து, குழந்தைகள் நலத்துக்கு வேலை பார்க்கிறவள். கூட ஒரு பெண் போலீஸ். ஏஞ்சல் அதட்டவில்லை. அதுவே கெங்கம்மாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. அதட்டுகிறவனிடம் காலில் விழலாம்; தன்மையாகக் கேட்கிறவளிடம் என்ன செய்வது?

"இங்க ஒரு சின்னப் பொண்ணு இருக்குதாமே?"

"இல்ல மேடம்" என்றான் மாசிலாமணி. "எங்களுக்குக் கொழந்தையே கெடையாது."

கொடியில் ஒரு மஞ்சள் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. ஏஞ்சல் அதைப் பார்த்தாள். கெங்கம்மா முந்திக்கொண்டாள். "எங்க அக்கா புள்ளைது மேடம். லீவுக்கு வந்துச்சி. ஊருக்குப் பூட்ச்சி." எண்ணெய்ச் சீப்பு கையிலேயே இருந்தது, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஏஞ்சல் ஒரு தாளை எடுத்து எழுதினாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, இந்த இடத்தில் எந்தக் குழந்தையும் தங்கியிருக்கவில்லை. மாசிலாமணி கையெழுத்துப் போட்டான். பேனா கெங்கம்மாவிடம் வந்தது. ஏழு வருடம் பிள்ளை இல்லாமல் கிடந்து, வேண்டாத தெய்வம் இல்லை, மலையைச் சுற்றாத பௌர்ணமி இல்லை என்று சுற்றிப் பெற்ற பிள்ளை. பிள்ளை இல்லை என்று அவளும் தன் கையாலேயே எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே ஏஞ்சல் சொன்னாள்: "நான் யார் பிள்ளையையும் பிடுங்கிக்கினு போக வரலம்மா. பகல்ல நீ மேல ஏறி வேலை பாக்கிறப்போ கொழந்தைய கட்டிப் போடாம, அங்கன்வாடில விடலாமேன்னு சொல்லத்தான் வந்தேன். இல்லன்னுட்ட. சரி."

கெங்கம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். நம்பலாமா? நல்ல பேச்சுப் பேசித்தானே எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள்? இவள் போகட்டும், போனதும் யோசிக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பின் தெருவில் லாரி ஒன்று பின்னோக்கி வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் லாரிக்கா பஞ்சம்? அவள் காதில் வாங்கவில்லை.

தண்ணீர் லாரி எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வரும். அன்று உற்சவத்துக்காக மத்தியானத்திலிருந்து மயிலாப்பூரைச் சுற்றி வண்டிகளை விடமாட்டார்கள் என்று டிரைவர் ஜான்சன் காலையிலேயே நடையை முடித்துக்கொண்டிருந்தான். நிரஞ்சனுக்குப் போன் பண்ணிச் சொல்லியும் இருந்தான். நிரஞ்சன் சரி என்றதோடு மறந்துபோனான். லாரிக்காரன் உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லை. தெருப்பக்கத்துச் சுவரில் ஒரு குழாய் வாய் இருக்கிறது; அதில் ஹோஸைச் செருகித் திறந்துவிட்டால் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் விழும்.

வறண்ட கிணற்றில் தண்ணீர் வருவதென்றால் முதலில் மழை பெய்யவேண்டும், ஏரி நிறையவேண்டும், ஊற்றுக் கண் திறந்து மெல்ல மெல்லக் கசியவேண்டும். கெங்கம்மாவுக்குத் தெரிந்த தண்ணீர் அது. இந்த ஊர்த் தண்ணீருக்குச் சொல்லிக்கொண்டு வருகிற பழக்கம் கிடையாது.

போலீஸ்காரி வண்டிக்குத் திரும்பிவிட்டாள். ஏஞ்சல் குடிக்கத் தண்ணீர் கேட்டு, சொம்பை வாங்கி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். லாரி வந்து எவ்வளவு நேரமாகியிருக்கும்? பத்து நிமிஷம் இருக்கலாம். சொம்பைத் திருப்பி வாங்கும்போதுதான் கெங்கம்மாவின் காதில் அது விழுந்தது. கொட்டகைக்குப் பின்னால், பூமிக்கு அடியில், திம்மென்று இரைகிற சத்தம்.

சொம்பு கீழே விழுந்தது. "ஐயோ! என் புள்ள! உள்ள என் புள்ள கீது!"

அந்தக் கத்தலில் எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் திறந்தன. அவள் ஓடினாள். பின்னாலேயே ஏஞ்சல். மூடியைப் புரட்டித் தள்ளினாள். உள்ளே இருட்டும் நுரையும் இரைச்சலும். "யோகு! யோகு!" பதில் இல்லை. படி எத்தனை என்று அவள் பார்க்கவில்லை. அப்படியே குதித்தாள். தண்ணீர் அவள் மார்புவரை அடித்தது. குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் முகத்தில் அறைந்தது. கையால் துழாவினாள். சுவர். சுவர். சட்டி ஒன்று மிதந்து வந்து இடித்தது. பிறகு விரலில் பாதி பின்னிய சடை ஒன்று தட்டியது.

யோகஸ்ரீ இரும்புப் படியில் ஏறி, ஒரு கையால் மேல் படியைக் கட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் தாடையில் இருந்தது. இன்னொரு கை வாயைப் பொத்தியிருந்தது. இத்தனைக்கும் ஒரு குரல் கொடுக்கவில்லை அந்தப் பிள்ளை. அம்மா சொல்லியிருந்தாளே.

ஏஞ்சல் மேலே குப்புறப் படுத்துக் கையை நீட்டி இழுத்தாள். கத்தல் கேட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த ஜான்சன், வால்வை மூடிவிட்டு ஓடிவந்து, தலையில் அடித்துக்கொண்டு, "அடப்பாவிங்களா, தொட்டிலயா பிள்ளைய வெப்பீங்க!" என்று தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கெங்கம்மா மேலே வந்து, பிள்ளையின் கையை வாயிலிருந்து பிரித்தாள். "கூப்புட்டுட்டேன் கண்ணு, வாயத் தொற." அப்போதுதான் அது வீறிட்டு அழுதது. அதைக் கேட்ட பிறகுதான் கெங்கம்மாவுக்கு உயிர் வந்தது.

போலீஸ்காரி ஓடிவந்து நின்றாள். ஏஞ்சலின் பையில் தாள் இருந்தது. இருவருமே கையெழுத்துப் போட்ட தாள். நனைந்த புடவையோடு ஏஞ்சல் மாசிலாமணியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "யார் குழந்தைங்க இது?"

மாசிலாமணி ஓர் அடி பின்னால் நகர்ந்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். பயம் மனுஷனை என்ன பாடு படுத்தும் என்பதற்குக் கணக்கே இல்லை. "தெரியாது மேடம். எங்க புள்ள இல்ல. யாருதுன்னே தெரியாது" என்றான். அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அப்பனைப் பார்த்தது.

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பாள் கெங்கம்மா. கையில் பிள்ளை இருந்தது. அவளுக்கும் தெரியும், என் பிள்ளை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று. தொட்டியில் வைத்தது யார்? மூடியைச் சாத்தியது யார்? பிள்ளையை விட்டுக்கொடுத்தால் தப்பிக்கலாம். பிள்ளை வேண்டுமென்றால் குற்றத்தையும் சேர்த்துத்தான் ஒத்துக்கொள்ளவேண்டும். பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு ஏஞ்சலுக்கு நேராக நின்றாள்.

"எழுதிக்கோ மேடம். புள்ள என்னுது. நாந்தான் பெத்தேன். தொட்டிக்குள்ள வெச்சவளும் நாந்தான். நீ தூக்கிக்கினு பூடுவேன்னு பயந்து வெச்சேன்."

ஏஞ்சல் பையிலிருந்து ஒரு புதிய தாளை எடுத்தாள். "இத்த நான் எழுதாம இருக்க முடியாதும்மா. எழுதினா, இன்னைக்குப் பிள்ளையை நான் கூட்டிக்கினு போய்த்தான் ஆகணும். குழந்தைங்க நலக் கமிட்டில விசாரிப்பாங்க. நாள் ஆகும்."

"எழுது."

ஏஞ்சல் எழுதினாள். பழைய தாளை அவள் கிழிக்கவும் இல்லை. அதைப் புதிய தாளின் பின்னால் வைத்தாள். கெங்கம்மா படித்துக் காட்டச் சொன்னாள். யோகஸ்ரீ, வயது நாலரை, தாய் கெங்கம்மா என்று ஏஞ்சல் படித்தாள்.

"அப்பா பேரு?" என்று போலீஸ்காரி கேட்டாள்.

கெங்கம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தொட்டி ஓரத்தில் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தான். "மாசிலாமணி. அதையும் எழுதிக்கோம்மா. அவரு பயந்துக்கினாரு, அவ்ளோதான்." பேனாவை வாங்கி, இந்த முறை தயங்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப காயிதத்துலயும் இவ என் புள்ளதானே?"

"ஆமாம்மா."

"அப்ப நான் வந்து கேட்டா குடுத்துடணும்" என்றாள் கெங்கம்மா. கொடியிலிருந்த மஞ்சள் கவுனை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, பின்னாத பக்கத்துச் சடையையும் பின்னி முடித்து, பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்தாள்.

பெற்றவளை வண்டியில் ஏற்ற முடியாது என்று போலீஸ்காரி சொல்லிவிட்டாள். திருவிழாக் கூட்டத்தில் வண்டியால் நகர முடியவில்லை. கெங்கம்மா ஜன்னலுக்குள் கையை விட்டு மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கையை எடு என்று போலீஸ்காரி சொன்னாள். பிடிச்சுக்கினு வரட்டும், விடு என்றாள் ஏஞ்சல். "அம்மா, நீயும் வாம்மா" என்று பிள்ளை ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தது. வரேன் கண்ணு, வந்துக்கினுதானே கீறேன் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். மந்தைவெளி தாண்டியதும் போக்குவரத்துப் போலீஸ்காரர் தடுப்பை நகர்த்தி வழிவிட்டார். வண்டி வேகம் எடுத்தது, விரல் கையிலிருந்து போய்விட்டது. கெங்கம்மா நிற்கவில்லை. காலில் செருப்புக்கூட இல்லாமல், வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே ஓடினாள்.